கிளஸ்டரை விட்டு வெளியேறிய கன்ட்ரோல் பிளேன்

2015 ஏப்ரலில் பிரான்சின் போர்தோ நகரில் யூரோசிஸ் மாநாடு நடந்தது. தங்கள் நிறுவனத்துக்குள் பத்தாண்டுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருந்த ‘போர்க்’ என்ற அமைப்பைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை அங்கே கூகுள் பொறியாளர்கள் முன்வைத்தார்கள். ஆயிரக்கணக்கான கணினிகளை ஒன்றாகப் பாவித்து வேலை பிரித்துக் கொடுப்பதுதான் போர்க்கின் பணி. அப்படிச் சேர்த்த கூட்டத்துக்கு ‘செல்’ என்று பெயர். சோதனைக்கான சிறு செல்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு செல்லின் இடைநிலை அளவு சுமார் 10,000 கணினிகள். அத்தனைக்கும் மேலே போர்க்மாஸ்டர் என்ற ஒரே தலைமை. அது சாயாமல் இருக்க 5 பிரதிகள். ஒவ்வொரு கணினியிலும் அதன் ஆளாக ஒரு போர்க்லெட். நொடி தாமதிக்கக் கூடாத சேவைகளும், எப்போது முடிந்தாலும் பரவாயில்லை என்கிற கணக்கு வேலைகளும் ஒரே செல்லில் நெருக்கியடித்துக் கிடந்தன. இவ்விரண்டையும் பிரித்துவைத்தால் என்ன ஆகும் என்றும் அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். இடைநிலைச் செல் ஒன்றுக்கு 20 முதல் 30 சதவீதம் கூடுதல் கணினிகள் வேண்டியிருக்கும் என்பது விடை. பெரிதாகச் சேர்த்துக்கொள், உள்ளே பகிர்ந்துகொள் என்பதே அந்தக் கட்டுரையின் அனுபவ சாரம்.

அதே ஆண்டு ஜூலையில், இதே வேலையைச் செய்யும் திறமூல மென்பொருளான குபர்நெட்டிஸின் 1.0 பதிப்பு வெளியானது. போர்க்கில் பழகிய கைகள்தான் அதன் பின்னாலும் இருந்தன. ஆனால் அதை எடுத்துக்கொண்ட உலகம் நேர் எதிர்த் திசையில் நடந்தது. செல்லைப் போன்ற ஒரு பெரிய கிளஸ்டர் வைத்துக்கொள்வதற்குப் பதில், குழுவுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று என்று சின்னச் சின்னதாகக் கட்டிக்கொண்டே போனார்கள். அந்தப் பெருக்கத்தின் விளைவுதான், கிளஸ்டர்களின் கன்ட்ரோல் பிளேன்களை எல்லாம் ஒரே இடத்தில் குடிவைத்து நடத்தும் இன்றைய வழக்கம். இதை வழக்கமாகச் செலவுக் குறைப்பு உத்தி என்றோ கிளவுட் நிறுவனங்களின் வசதி என்றோ சொல்லி முடித்துவிடுகிறார்கள். வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. குபர்நெட்டிஸ் கைவிட்ட போர்க்கின் பெரிய பொது வீடு, பின்கட்டு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. இம்முறை அதில் குடியிருப்பவை பெரும்பாலும் பயனர்களின் செயலிகள் அல்ல, அந்தச் செயலிகளை ஆளும் தலைமைகள். மிச்சமானதும் கணினிகளைவிட அதிகமாக மனித உழைப்பு என்பது என் கணிப்பு.

கன்ட்ரோல் பிளேன் என்பது நாலைந்து புரோகிராம்களின் கூட்டு. யார் எதைக் கேட்டாலும் முதலில் போய் நிற்கும் வாசல் ஏபிஐ சர்வர். கிளஸ்டரில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும் என்ற பதிவேடு எட்சிடி. செயலியைச் சுமக்கும் சிறு அலகான பாட், நோடு எனப்படும் கிளஸ்டர் கணினிகளில் எதில் ஓடலாம் என்று ஒதுக்குவது ஷெட்யூலர். பதிவேட்டுக்கும் நடப்புக்கும் வித்தியாசம் கண்டால் சரிசெய்துகொண்டே இருப்பது கன்ட்ரோலர் மேனேஜர். இவற்றில் பிடிவாதம் மிகுந்தது எட்சிடி. 2013இல் கோர்ஓஎஸ் நிறுவனம் வெளியிட்ட இது, ராஃப்ட் என்ற உடன்பாட்டு முறையில் இயங்குகிறது. பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் ஒத்துக்கொண்டால்தான் எழுத்து நிலைக்கும். ஆகவே ஒரு உறுப்பினரை இழந்தும் தாக்குப்பிடிக்க 3 பேர் வேண்டும், இருவரை இழக்க 5 பேர். போர்க் செல்லில் பத்தாயிரம் கணினிகளுக்கு ஐந்து தலைமைப் பிரதிகள் என்பது தூசு. எட்டு நோடு கொண்ட கிளஸ்டருக்கு மூன்று தலைமைக் கணினிகள் என்றால் அது அப்படியல்ல.

ஆளும் பகுதியை ஆளப்படும் பகுதியிலிருந்து பிரிக்கும் எண்ணம் கணினிக்காரர்களுடையது அல்ல, தொலைபேசிக்காரர்களுடையது. ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891இல் காப்புரிமை பெற்ற தானியங்கி எக்ஸ்சேஞ்ச் முறையில், பேசுபவர் அனுப்பும் துடிப்புகளே நேரடியாக ஸ்விட்சுகளை நகர்த்தின. ஒவ்வொரு ஸ்விட்சும் தன்னைத்தானே ஆண்டுகொண்டது. பேச்சு முடியும்வரை அந்தக் கட்டுப்பாட்டுப் பாகங்களும் அந்த அழைப்போடு கட்டுண்டு கிடந்தன. 1938 முதல் அமெரிக்க நகரங்களில் பரவிய கிராஸ்பார் எக்ஸ்சேஞ்சில் ‘மார்க்கர்’ என்ற பொதுக் கருவி வந்தது. பாதை போட்டுக் கொடுக்கும் கணப்பொழுதுக்கு மட்டும் அது வரும், உடனே அடுத்த அழைப்புக்குப் போய்விடும். சில மார்க்கர்கள் ஆயிரக்கணக்கான அழைப்புகளைக் கவனித்தன. 1976இல் அமெரிக்காவின் ஏடிஅண்ட்டி இன்னொரு படி போய், அழைப்புக்கான சமிக்ஞைகளைப் பேச்சுக் கம்பியிலிருந்து எடுத்துத் தனி இணைப்பில் அனுப்பத் தொடங்கியது. பிறகு வந்த டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகளில், சிற்றூரில் வெறும் ரிமோட் யூனிட் மட்டும் இருக்க, அதை ஆளும் ஹோஸ்ட் எக்ஸ்சேஞ்ச் தொலைவில் இருந்தது. இணைப்பு அறுந்தால் உள்ளூர் அழைப்புகளை மட்டும் தானே சமாளிக்கும் ஏற்பாடும் பல ரிமோட்களில் உண்டு. கட்டுப்பாடு விலை மிகுந்தது, ஆனால் அதற்கான தேவை விட்டுவிட்டு வருவது. ஆகவே அதைப் பகிரலாம் என்று கண்டுபிடித்தவர்கள் அவர்கள். பகிர்வதற்கு விலையாக இணைப்பை நம்பியிருக்க நேரும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரே பெரிய கிளஸ்டரை ஏன் எல்லாரும் பகிர்ந்துகொள்ளவில்லை? முதல் காரணம் அளவு. குபர்நெட்டிஸ் 1.0 வாக்களித்தது 100 நோடுகள்தான். 5,000 நோடு வரை தாங்கும் என்ற உறுதி 2017 மார்ச்சில், 1.6 பதிப்பில் வந்தது. அதைவிடப் பெரிய காரணம் உள்ளே சுவர் இல்லாதது. யாருக்கு என்ன உரிமை என்று பகுத்துக் கொடுக்கும் ஆர்பேக் முறை நிலைபெற்றது 2017 செப்டம்பரில், 1.8 பதிப்பில். அதற்குள் பலர் தனித்தனிக் கிளஸ்டர் என்ற பழக்கத்துக்குப் போயாயிற்று. நேம்ஸ்பேஸ் என்ற தடுப்பு இருந்தது. ஆனால் பயனர்கள் தாங்களே புதுவகைப் பொருள்களை அறிவிக்கும் கஸ்டம் ரிசோர்ஸ் வசதி வந்தபோது, அந்த அறிவிப்பு கிளஸ்டர் முழுவதற்கும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. ஒரு குழுவுக்கு அதன் பழைய வடிவமும் இன்னொரு குழுவுக்குப் புதிய வடிவமும் வேண்டுமென்றால் ஒரே கிளஸ்டரில் இருவரும் வாழ முடியாது. பதிப்பு உயர்த்துவதிலும் இதே சிக்கல். கூட்டுக்குடும்பத்தில் ஒரே அடுப்பில் யாருக்கு முதலில் உலை வைப்பது என்ற சண்டைக்குத் தீர்வு தனிக்குடித்தனம்தானே. கூகுளுக்குள் எல்லாரும் ஒரே நிறுவனத்து ஊழியர்கள், ஒரே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள் என்பதால் போர்க்கின் பொது வீடு நடந்தது. வெளியுலகில் வங்கியின் இரண்டு துறைகள்கூட ஒன்றையொன்று அவ்வளவு நம்புவதில்லை.

தனிக்குடித்தனத்தின் செலவு இரு வகை. கணினிச் செலவை எளிதாகக் கணக்கிடலாம்: நூறு கிளஸ்டருக்கு முந்நூறு தலைமைக் கணினிகள், அவற்றில் பல பெரும்பாலான நேரம் சும்மா. மனித உழைப்பின் செலவு கண்ணில் படாதது. புதிய பதிப்பு முன்பு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வரும், 2021இலிருந்து மூன்று. ஒரு பதிப்புக்குக் கிடைக்கும் ஆதரவு முன்பு 9 மாதம், 1.19 முதல் சுமார் 14 மாதம். அதாவது யாராவது ஒருவர் ஒவ்வொரு கிளஸ்டரின் தலைமையையும் ஆண்டுதோறும் திறந்து மாற்றி மூட வேண்டும். கையால் வளர்த்த கிளஸ்டர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கோணிக்கொண்டிருக்கும். 2023 மார்ச் 14 அன்று ரெட்டிட் தளம் 314 நிமிடம் முடங்கிய கதை இதற்கு நல்ல சான்று. 1.23இலிருந்து 1.24க்கு ஒரு பழைய கிளஸ்டரை உயர்த்தினார்கள். அந்தப் பதிப்பில், தலைமை நோடுகளை அடையாளம் காட்டிய ‘மாஸ்டர்’ என்ற லேபிள் நீக்கப்பட்டு ‘கன்ட்ரோல்-பிளேன்’ மட்டும் நின்றது. பல ஆண்டுக்கு முன் யாரோ கேலிகோ நெட்வொர்க்கை அமைத்தபோது, வழிகளைப் பகிர்ந்தளிக்கும் நோடுகள் எவை என்பதை அந்தப் பழைய லேபிளை வைத்துத்தான் சொல்லியிருந்தார்கள். லேபிள் போனது, வழிகளும் போயின. அந்தக் குழு இதை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது பாராட்டத்தக்கது. தலைமை நோடுகளும் கிளஸ்டரின் உள்ளேயே, அதன் நெட்வொர்க்கிலேயே வாழ்வதால், மேலாண்மைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே இப்படிப்பட்ட முடிச்சுகள் யாருக்கும் தெரியாமல் விழுகின்றன.

இந்தச் சுமைக்கு முதலில் தேடிய மருந்து, கன்ட்ரோல் பிளேனை வெளியே எடுப்பதாக இருக்கவில்லை. இன்னும் ஆழமாக உள்ளே தள்ளுவதாக இருந்தது. 2016 வாக்கில் கோர்ஓஎஸ் முன்வைத்த ‘செல்ஃப் ஹோஸ்டட்’ முறையில், ஏபிஐ சர்வரும் ஷெட்யூலரும் அதே கிளஸ்டரில் சாதாரண பாட்களாக ஓடும். குபர்நெட்டிஸ் மற்ற செயலிகளை எப்படி மேய்க்கிறதோ அப்படியே தன்னையும் மேய்த்துக்கொள்ளும். முதல் உயிர் கொடுக்க பூட்கியூப் என்ற கருவி தற்காலிகத் தலைமையாக எழுந்து, நிலையான தலைமையை நிறுத்திவிட்டு விலகிவிடும். படிக்க அழகு. எல்லா நோடுகளும் ஒரே நேரத்தில் அணைந்து எழும்போதுதான் சங்கடம்: ஏபிஐ சர்வர் பாட்டை எழுப்பச் சொல்ல ஒரு ஏபிஐ சர்வர் வேண்டும், அதுவோ இன்னும் எழவில்லை. இதற்காகத் தனியாக ஒரு ‘செக்பாயின்ட்’ ஒட்டுப்போட்டார்கள். 2018 ஜனவரியில் ரெட் ஹாட் 25 கோடி டாலருக்கு கோர்ஓஎஸ்ஸை வாங்கியது. அடுத்த ஆண்டு வந்த அதன் குபர்நெட்டிஸ் தொகுப்பான ஓப்பன்ஷிஃப்ட் 4 இந்த வழியை விட்டுவிட்டு, நோடில் இருக்கும் முகவரான கியூப்லெட்டே நேரடியாக எழுப்பும் ஸ்டாட்டிக் பாட்களுக்குத் திரும்பியது. இந்த முயற்சி வீண் என்று நான் சொல்லமாட்டேன். கன்ட்ரோல் பிளேனும் பாட்களாக ஓடக்கூடிய சாதாரணச் சரக்குதான் என்பதை நிறுவியது அதுதான். தவறு எங்கே என்றால், அந்தப் பாட்களுக்குத் தாய் கிளஸ்டராக அதே கிளஸ்டரைத் தேர்ந்தெடுத்ததில்.

கிளவுட் நிறுவனங்கள் இதற்குள் வேறு வழியில் போயிருந்தன. 2015 ஆகஸ்டில் கூகுள் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்த கன்டெய்னர் எஞ்சினில் தலைமைக் கணினிகள் வாடிக்கையாளர் கண்ணிலேயே படாது. 2018 ஜூனில் இதே வகைச் சேவைகளான அமேசானின் இகேஎஸ்ஸும் மைக்ரோசாஃப்டின் ஏகேஎஸ்ஸும் வந்தன. அமேசான் ஒரு கன்ட்ரோல் பிளேனுக்கு மணிக்கு 20 சென்ட் வாங்கி, 2020 ஜனவரியில் அதைப் பாதியாக்கியது. கூகுள் சில ஆண்டுகள் இலவசமாகக் கொடுத்துவிட்டு 2020 ஜூனில் 10 சென்ட் வாங்கத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் அடிப்படைச் சேவைக்குக் கட்டணமே வைக்கவில்லை. இந்த விலைகளின் ஏற்ற இறக்கத்தில் வியாபாரப் போட்டி இருப்பது உண்மை. ஆனாலும் மாதம் எழுபது சொச்சம் டாலருக்குள், கெடாத பதிவேடும் ஆண்டு முழுவதும் கண்காணிப்பும் பதிப்பு உயர்த்தலும் தர முடிகிறதென்றால், கிளஸ்டருக்கு ஒருவர் உட்கார்ந்து பார்க்கும் முறை அங்கே இல்லை என்று பொருள். அந்தத் தொழில்முறை மட்டும் நிறுவனச் சுவர்களுக்குள் இருந்தது.

அதைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்தவர்களில் ஜெர்மானியர்களின் பங்கு கணிசமானது. ஹாம்பர்கின் லூட்சே நிறுவனம் (பின்னாளில் குபர்மாட்டிக்) குபர்நெட்டிஸுக்குள் குபர்நெட்டிஸை ஓட்டியது. வால்டோர்ஃப் நகரின் எஸ்ஏபி, 2018 தொடக்கத்தில் கார்டனர் என்ற திட்டத்தின் மூலநிரலைத் திறந்துவிட்டது. பெயர்களெல்லாம் தோட்டத்துப் பெயர்கள்: மேலே ‘கார்டன்’, தலைமைகளைச் சுமக்கும் தாய் கிளஸ்டர் ‘சீட்’, பயனரின் கிளஸ்டர் ‘ஷூட்’. ஒவ்வொரு ஷூட்டுக்கும் சீட்டில் ஒரு நேம்ஸ்பேஸ். அதனுள் அந்த ஷூட்டின் ஏபிஐ சர்வர், எட்சிடி, ஷெட்யூலர் எல்லாம் பாட்களாக ஓடுகின்றன. பயனரின் கிளஸ்டரில் இருப்பது வேலை செய்யும் நோடுகள் மட்டும். பயனர்களைப் பிரிக்கப் போதாது என்று வெளியுலகம் ஒதுக்கிய அதே நேம்ஸ்பேஸ், இங்கே தலைமைகளைப் பிரிக்கப் போதுமானதாகிவிட்டது. காரணம், அதற்குள் ஓடுவது முன்பின் தெரியாத செயலி அல்ல, நடத்துபவர் தானே நிறுத்திய, நன்கு அறிந்த நாலைந்து புரோகிராம்கள். சும்மா கிடந்த தலைமைகளை ஒரே நோடில் நெருக்கி அடுக்கலாம். இரவில் யாரும் தொடாத சோதனைக் கிளஸ்டரை ‘ஹைபர்னேட்’ செய்து நோடுகளையும் தலைமையையும் சுருட்டிவைக்கலாம். தலைமையின் பதிப்பை உயர்த்துவது சில பாட்களை மாற்றுவதுதான். போர்தோ கட்டுரையின் ‘பெரிதாகச் சேர், உள்ளே பகிர்’ என்ற பாடம் வரி பிசகாமல் இங்கே நடக்கிறது. 2019 இறுதியில் சீனாவின் அலிபாபா, தான் பத்தாயிரக்கணக்கில் கிளஸ்டர்களை நடத்துவதும் இப்படித் தாய் கிளஸ்டர் வைத்துத்தான் என்று எழுதியது. ஐபிஎம் தன் கிளவுடில் ஓப்பன்ஷிஃப்டின் தலைமையையும் இவ்வாறே பாட்களாக்கி ஓட்டியது. அந்த வழியில் பிறந்த ஹைப்பர்ஷிஃப்டை, 2023 இறுதியில் ரெட் ஹாட் முழு ஆதரவோடு வெளியிட்டது. செல்ஃப் ஹோஸ்டட் முறையைக் கைவிட்ட அதே நிறுவனம் இது. 2022இல் இத்தாலியிலிருந்து காமாஜி என்ற இதே வகைக் கருவி வந்தது. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் படமொன்றில் ஆறு கைகளோடு கொதிகலன் அறையைத் தனியாளாகக் கவனிக்கும் கிழவரின் பெயர் அது. மிச்சமாவது கைகள் என்பதை இந்தத் துறையில் இதைவிடப் பொருத்தமாகச் சொன்ன பெயர் இல்லை.

தலைமை தூரம் போனதால் புதுச் சிக்கல்களும் வந்தன. நோடுகள் ஏபிஐ சர்வரை அழைப்பது எளிது. ஏபிஐ சர்வர் நோடை அழைக்க வேண்டிய தருணங்கள்தான் தொல்லை: பாட்டின் லாக் பார்ப்பது, உள்ளே நுழைந்து கட்டளை கொடுப்பது, வெப்ஹூக்கைக் கூப்பிடுவது. நோடுகள் தனியார் நெட்வொர்க்கில், ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும். தொடக்கத்தில் எஸ்எஸ்ஹெச் சுரங்கமும் விபிஎன்னும் வைத்து ஓட்டினார்கள். பிறகு கொனெக்டிவிட்டி என்ற பொது ஏற்பாடு வந்தது. நோடு பக்கத்திலிருக்கும் முகவர் முந்திக்கொண்டு வெளியே அழைத்து இணைப்பைத் திறந்துவைக்கும், ஏபிஐ சர்வர் அதே இணைப்பில் எதிர்த்திசையில் வரும்.

இந்த முறைக்கு எதிரான பலமான வாதம், எல்லாத் தலைமைகளையும் ஓரிடத்தில் வைத்தால் ஓரடியில் எல்லாம் போகும் என்பது. பாதி உண்மை. தலைமை போனாலும் ஓடுகிற வேலை உடனே நிற்பதில்லை. போர்க்மாஸ்டரின் எல்லாப் பிரதிகளும் விழுந்தாலும் போர்க்லெட்கள் தங்கள் வேலையைத் தொடரும் என்று 2015 கட்டுரையே சொல்கிறது. கியூப்லெட்டும் அப்படித்தான். ஆனால் அந்தத் தாங்குதிறனுக்குக் காலக்கெடு உண்டு. 2019 ஜூன் 2 அன்று, கூகுளின் பராமரிப்புத் தானியங்கி பல இடங்களில் நெட்வொர்க்கின் கட்டுப்பாட்டு வேலைகளைத் தவறுதலாக நிறுத்திவிட்டது. நெட்வொர்க் சில நிமிடம் தலைமை இல்லாமலே ஓடியது. பிறகு வழிகள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறப்பட, நான்கு மணிநேரத்துக்கு மேல் சேவை தடுமாறியது. மையப்படுத்தினால் ஆபத்து என்பதற்கு இது சான்றாகலாம். அதன் பக்கத்தில் 2024 டிசம்பர் 11 அன்று ஓப்பன்ஏஐக்கு நேர்ந்ததையும் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கிளஸ்டர்கள் பல. ஆனால் புதிய கண்காணிப்புச் சேவை ஒன்றை எல்லாக் கிளஸ்டர்களிலும் பரப்பியதும், எல்லா நோடுகளும் ஏபிஐ சர்வர்களைத் துளைத்தெடுத்தன. பெரிய கிளஸ்டர்களின் தலைமைகள் அடுத்தடுத்துச் சாய்ந்தன. டிஎன்எஸ் கன்ட்ரோல் பிளேனை நம்பியிருந்ததால் ஓடிக்கொண்டிருந்த சேவைகளும் ஒன்றையொன்று காண முடியாமல் போயின. பழுதை நீக்கப் போனவர்களுக்கு வாசலே திறக்கவில்லை. பல கிளஸ்டர் என்ற தனிமை அங்கே காப்பாற்றவில்லை. ஒரே மாற்றத்தை ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் செய்தால் தலைமைகள் எங்கே இருந்தாலும் சேர்ந்தே விழும் என்று படிப்பதுதான் எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. அடியின் அகலத்தைத் தீர்மானிப்பவற்றில் இடத்தைவிட, மாற்றத்தை எவ்வளவு சிறு தவணைகளில் விடுகிறோம் என்பதற்குக் கனம் அதிகம். தாய் கிளஸ்டர்களையும் ஒன்றாக இல்லாமல் வட்டாரத்துக்குச் சிலவாக வைப்பதன் காரணமும் இதுவே.

தூரத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு, அதை இந்த முறையின் ஆதரவாளர்கள் குறைத்துப் பேசக் கூடாது. தாய் கிளஸ்டருக்கும் நோடுகள் பலவற்றுக்கும் இடையே வழி அறுந்தால், கன்ட்ரோலர் மேனேஜருக்கு அவை செத்ததாகத் தோன்றும். நோடுகளோ நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடத்துக்குள் அது நோடைச் செத்ததாகக் குறிக்கும், ஐந்து நிமிடத்தில் பாட்களை வெளியேற்ற முனையும். நோடுகளை உருவாக்கி அழிக்கும் கன்ட்ரோலரும் சேர்ந்துகொண்டால் நல்ல கணினிகளை அழித்துப் புதிதாக வாங்கத் தொடங்கிவிடும். கார்டனரில் இதற்கென்றே ஒரு காவல் நிரல் இருக்கிறது. ஏபிஐ சர்வர் நலம், ஆனால் நோடுகளுடனான வழி அறுந்திருக்கிறது என்று கண்டால், அது அந்தக் கன்ட்ரோலர்களைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிடும்.

தாய் கிளஸ்டரை யார் பார்த்துக்கொள்வது, சுமை இடம்தானே மாறியது என்று கேட்பவர்களும் உண்டு. இடம் மாறியது, எண்ணிக்கையும் மாறியது. ஆயிரம் கிளஸ்டர்களின் தலைமைகளை ஆயிரம் விதமாகப் பார்ப்பதும், ஒரே அச்சில் வார்த்த ஆயிரத்தைச் சில தாய் கிளஸ்டர்களில் வைத்துப் பார்ப்பதும் ஒரே வேலை அல்ல. ரெட்டிட்டின் அந்த லேபிள் முடிச்சு, பயனர் கிளஸ்டருக்குள் தலைமை நோடே இல்லாத ஏற்பாட்டில் விழுந்திருக்கவே முடியாது. இத்தனைக்கும் பதில் நேம்ஸ்பேஸின் சுவரையே பலப்படுத்தியிருக்கலாமே என்ற கேள்விதான் எனக்கு உண்மையிலேயே கடினமானது. குபர்நெட்டிஸ் தொடக்கத்திலேயே வலுவான உட்சுவரோடு வந்திருந்தால் இந்த வரலாறே வேறாகியிருக்கும். வந்தபிறகு அதன் ஏபிஐயை நம்பி எழுதப்பட்ட கருவிகள் ஏராளம். அவற்றில் பல, முழுக் கிளஸ்டரும் தமக்கே சொந்தம் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. அவற்றை மாற்றுவதைவிட, ஆளுக்கொரு முழு ஏபிஐ சர்வரைக் கொடுத்துவிடுவது எளிதாகிவிட்டது.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்ற வாதத்தை மறுக்க எனக்கு விருப்பமில்லை. அமெரிக்காவின் சிக்-ஃபில்-ஏ உணவகத் தொடர், 2018 வாக்கில் தன் கடைகள் ஒவ்வொன்றிலும் சிறு கணினிகளை வைத்துக் கடைக்கு ஒரு கிளஸ்டர் ஓட்டியது. இணையம் அறுந்தாலும் அடுப்படி நிற்கக் கூடாது என்பதால் தலைமையும் கடைக்குள்ளேயே இருந்தது. 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் இந்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் நிறுவிய 128 போர்ட் கிராம எக்ஸ்சேஞ்சும் இதே நியாயத்தில் பிறந்ததுதான்: குளிர்சாதனம் வேண்டாம், தொலைவிலுள்ள தலைமை வேண்டாம், ஊருக்குள் தானே முழுதாக இயங்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் கார்டனர் குழுவும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. தன் தலைமையைத் தன் நோடுகளிலேயே வைத்துக்கொள்ளும் ஷூட்களுக்கான திட்டத்தை அவர்கள் எழுதி, அதற்கென்று கார்டனாட்ம் என்ற கருவியையும் உருவாக்கி வருகிறார்கள். ஓரத்துக் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அது உதவும். அடியிலிருக்கும் முதல் தாய் கிளஸ்டருக்கும் அது உதவும், ஏனெனில் அதன் தலைமையைக் குடிவைக்க வேறொரு கிளஸ்டர் கிடையாது.